குவாஹாட்டியில் எழுந்த அசுர அலை

அசாமின் குவாஹாட்டியில் உள்ள அறிவியல் தொழில்நுட்ப உயராய்வு நிறுவனத்தில் ஓர் எஃகுக் கலன் இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, மிகச் சிறிதளவு ஆர்கான் வாயுவைச் செலுத்தி, அதைப் பிளாஸ்மாவாக மாற்றுவார்கள். எச். பைலுங், எஸ்.கே. சர்மா, ஜப்பானின் ஒய். நாகமுரா ஆகிய மூவரும் அந்தப் பிளாஸ்மாவுக்குள் ஓர் அலைத்தொடரை அனுப்பினார்கள். எல்லா அலைகளும் ஏறக்குறைய ஒரே உயரம். மிக லேசான ஏற்ற இறக்கம் மட்டும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்தது. கலனுக்குள் கொஞ்ச தூரம் போனதும் தொடரின் நடுவில் ஓர் இடம் மட்டும் திடீரென்று வீங்கி, சுற்றிலும் உள்ள அலைகளைப் போல மூன்று மடங்கு உயர்ந்து நின்றது. 2011 டிசம்பரில் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் அந்த அளவீடு வெளியானது.

மூன்று மடங்கு என்ற அந்த அளவு தற்செயலாக வந்ததல்ல. 28 ஆண்டுகளுக்கு முன்பே, பிளாஸ்மாவோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் கடல் அலைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் கணிதவியலாளர் அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்தார். தாளிலிருந்து எஃகுக் கலனுக்கு அந்த எண் வந்து சேர்ந்த வழியில்தான், அசுர அலைகள் எனப்படும் அளவுமீறிய அலைகளைப் பற்றி நாம் உருப்படியாக அறிந்தவற்றில் பெரும்பகுதி கிடக்கிறது. பேரலை என்பது இயற்கை தன் விதிகளை மறந்த ஒரு கணம் என்றே வெகுகாலம் நினைத்து வந்தோம். சாதுவான அலையை விவரிக்கும் சமன்பாட்டுக்குள்ளேயே அதுவும் ஒரு தீர்வாக முதலிலிருந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்டியது கணிதம். அந்தச் சமன்பாட்டின் உள்ளுறுப்புகளை நம் விருப்பப்படி திருகிப் பார்க்க வாய்ப்புத் தந்தது பிளாஸ்மா.

வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, நேர் மின்னூட்டம் கொண்ட அயனிகளும் எதிர் மின்னூட்டம் கொண்ட எலெக்ட்ரான்களும் கலந்து திரியும் நிலைக்கு 1928இல் பிளாஸ்மா என்று பெயரிட்டவர் அமெரிக்காவின் இர்விங் லாங்மியூர். சூரியன், மின்னல், குழல்விளக்கின் உட்புறம் எல்லாமே பிளாஸ்மாதான். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மீது மோதும்போதுதான் சேதி கைமாறுகிறது. ஒலி அப்படித்தான் பரவுகிறது. பிளாஸ்மாவில் மோதல் தேவையில்லை. ஓரிடத்தில் அயனிகள் சற்றே நெருங்கினால் அங்கே நேர் மின்னூட்டம் மிகும். உடனே மின்புலம் பிறக்கும். அது தொலைவில் உள்ள அயனிகளையும் தள்ளும்.

இப்படிப் பரவும் அலைக்கு அயனி ஒலியலை என்று பெயர். இதில் இரண்டு துகள்களுக்கும் தனித்தனி வேலை உண்டு. ஓர் ஆர்கான் அயனி ஓர் எலெக்ட்ரானைவிடச் சுமார் 73,000 மடங்கு கனமானது. ஆகவே அலைக்கு வேண்டிய நிலைமத்தை அயனி தருகிறது. சூடான எலெக்ட்ரான்கள் அழுத்தத்தைத் தருகின்றன. எலெக்ட்ரான்களின் வெப்பநிலை 11,600 கெல்வின் அளவில் இருந்தால், ஆர்கான் பிளாஸ்மாவில் இந்த அலை நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் போகும். நாம் பேசுவது காற்றில் போகும் வேகத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

இதைக் கணிதமாக எழுத மூன்று விதிகள் போதும். அயனிகள் வழியில் காணாமல் போவதில்லை என்பது ஒன்று. மின்புலம் தள்ளினால் அயனியின் வேகம் மாறும் என்பது இரண்டாவது. நேர், எதிர் மின்னூட்டங்களின் கணக்கு எங்கே பிசகுகிறதோ அங்கே மின்புலம் பிறக்கும் என்பது மூன்றாவது; இதைப் பாய்சான் சமன்பாடு என்பார்கள். எலெக்ட்ரான்கள் மிக லேசானவை என்பதால் அவற்றின் ஓட்டத்தைத் தனியாகத் தொடர வேண்டியதில்லை. மின்னழுத்தம் எங்கே எவ்வளவோ அதற்கேற்ப நொடிப்பொழுதில் அவை தங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பகிர்வு நேர்க்கோட்டு விகிதத்தில் நடப்பதில்லை. மின்னழுத்தம் ஏறினால் அடர்த்தி அடுக்குக்குறியாகப் பெருகுகிறது. அலை சிறியதாக இருக்கும்வரை இந்தப் பெருக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம். அப்போது இரண்டு அலைகள் சந்தித்தால் உயரங்கள் கூடும், பிரிந்தால் பழையபடி ஆகும். கல்லூரி இயற்பியலில் நாம் படித்த அலைகள் இவைதான். அலை பெரிதானதும் இந்தச் சுலபமான கூட்டல் உடைந்துவிடுகிறது. முகடு ஒரு வேகத்தில், அடிவாரம் வேறொரு வேகத்தில் போகத் தொடங்கும். இதைத்தான் நேரியலற்ற அலை என்கிறோம்.

முகடு முந்திக்கொண்டே போனால் அலையின் முன்புறம் செங்குத்தாகி உடைந்துவிட வேண்டும். அப்படி உடையாமல் காப்பாற்றும் இன்னொரு குணமும் பிளாஸ்மாவுக்கு உண்டு. குறுகிய அலைநீளம் கொண்டவை சற்று மெதுவாகவும், நீண்டவை சற்று வேகமாகவும் போவதால், கூர்மையான எந்த வடிவமும் விரிந்து பரவப் பார்க்கும். இதை அலைப்பிரிகை எனலாம். குவிக்கப் பார்க்கும் நேரியலற்ற தன்மையும் பரப்பப் பார்க்கும் அலைப்பிரிகையும் சரியாக ஈடுகட்டிக்கொள்ளும்போது, வடிவம் குலையாமல் நெடுந்தூரம் ஓடும் ஒற்றை மேடு ஒன்று உருவாகிறது. 1834இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரையில் விரட்டிச் சென்று பார்த்த அலை அதுதான். 1895இல் கோர்ட்டவேக், டி விரீஸ் என்ற இரு டச்சுக்காரர்கள் அதற்குச் சமன்பாடு எழுதினார்கள். பிறகு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சமன்பாட்டுக்கு மறுவாழ்வு கொடுத்ததில் பிளாஸ்மா இயற்பியலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1960இல் கார்ட்னர், மொரிகாவா இருவரும் காந்தப்புலத்தில் உள்ள குளிர்ந்த பிளாஸ்மாவுக்குக் கணக்குப் போட்டபோது கால்வாய் அலையின் அதே சமன்பாடு வந்து நின்றது. பிரின்ஸ்டனில் பிளாஸ்மா ஆய்வில் இருந்த மார்ட்டின் க்ரூஸ்கலும் பெல் ஆய்வுக்கூடத்தின் நார்மன் ஜபுஸ்கியும் 1965இல் அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றோடொன்று மோதிய பிறகும் தங்கள் உயரத்தையும் வடிவத்தையும் விட்டுக்கொடுக்காமல் வெளியே வந்த மேடுகளுக்கு ‘சாலிட்டான்’ என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே வாஷிமி, தனியூட்டி இருவரும் அயனி ஒலியலைக்கும் அதே சமன்பாடு பொருந்தும் என்று நிறுவினார்கள். 1970இல் இகேசி, டெய்லர், பேக்கர் மூவரும் பிளாஸ்மாக் கலனில் அதை நேரில் அளந்து காட்டினார்கள்.

வாஷிமி, தனியூட்டி கையாண்ட உத்தியைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும். இந்தத் துறையின் அன்றாட உழைப்பு அதில்தான் இருக்கிறது. அலையின் உயரத்தை ஒரு சிறு எண்ணாக வைத்துக்கொண்டு, அடர்த்தி, வேகம், மின்னழுத்தம் மூன்றையும் அந்த எண்ணின் அடுக்குகளாக விரிப்பார்கள். அதோடு, அலையின் வேகத்திலேயே கூடப் பயணம் செய்பவரின் பார்வைக்கு மாறிக்கொள்வார்கள். வேகமான ஓட்டம் அந்தப் பார்வையில் நின்றுவிடும். மெதுவான வடிவ மாற்றம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். முதல் படியில் அலையின் வேகம் கிடைக்கும். அடுத்த படியில், நேரியலற்ற தன்மைக்கு ஒரு கெழுவும் அலைப்பிரிகைக்கு ஒரு கெழுவும் கொண்ட ஒற்றைச் சமன்பாடு கிடைக்கும். பிளாஸ்மாவில் என்னென்ன துகள்கள், எவ்வளவு சூடு, எவ்வளவு அடர்த்தி என்ற முழு விவரமும் அந்த இரண்டு கெழுக்களுக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சிக்கலான பொருளின் நடத்தையை இரண்டு எண்களில் பிடித்துவிட முடிகிறது என்பது எத்தனை முறை பார்த்தாலும் வியப்பூட்டும் காரியம்.

சாலிட்டான் உறுதியானது; பிறந்தால் நிலைத்து ஓடும். அசுர அலையின் இயல்பு வேறு. அது எங்கிருந்தோ எழுந்து, உச்சத்தில் நின்று, சுவடு தெரியாமல் அடங்கிவிடும். இதைப் புரிந்துகொள்ள ஒற்றை மேட்டை விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கான அலைகள் வரிசையாகச் செல்லும் தொடரைப் பார்க்க வேண்டும். வானொலியைப் பற்றிப் பள்ளியில் படித்தபோது ஊர்தி அலை, அதன் மேல் ஏற்றப்படும் வீச்சுப் பண்பேற்றம் என்றெல்லாம் படித்திருப்போம். வேகமாக அதிரும் ஊர்தி அலையின் முகடுகளைத் தொட்டு ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோட்டின் மெதுவான ஏற்ற இறக்கம்தான் உறை. உறையின் கதையைச் சொல்லும் சமன்பாட்டுக்கு நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு என்று பெயர். குவாண்டம் இயற்பியலில் வரும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் சாயல் இருப்பதால் வந்த பெயர். இங்கே குவாண்டம் எதுவும் இல்லை.

இந்தச் சமன்பாட்டிலும் இரண்டு கெழுக்கள்தான். ஒன்று உறை எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு. இன்னொன்று அலை பெரிதானால் அதன் அதிர்வெண் எவ்வளவு மாறும் என்பதற்கு. இரண்டும் ஒரே குறியுடன் இருக்கிறதா, எதிர்க்குறிகளுடன் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எதிர்க்குறி என்றால், தொடரில் எங்காவது ஒரு சிறு வீக்கம் வந்தாலும் கரைந்துவிடும். ஒரே குறி என்றால் நிலைமை தலைகீழ். தேரோட்டத்தன்று மாடவீதியில் கூட்டம் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஓரிடத்தில் நெரிசல் கொஞ்சம் கூடினால் அங்கே நடை தளரும். பின்னால் வருகிறவர்கள் தங்கள் வேகத்திலேயே வந்து சேர்ந்துகொள்வார்கள். நெரிசல் இன்னும் கூடும். அலைத்தொடரிலும் வீக்கம் உள்ள இடத்தில் அலையின் வேகம் மாறுவதால் அக்கம்பக்கத்து ஆற்றல் அங்கே வந்து குவிகிறது, வீக்கம் வளர்கிறது, வளர்ந்ததால் இன்னும் இழுக்கிறது. இதைப் பண்பேற்ற நிலைகுலைவு என்கிறார்கள். நீரலைகளில் இதை 1967இல் பெஞ்சமினும் ஃபியரும் கண்டறிந்தார்கள். மறு ஆண்டே ரஷ்யாவின் விளாதிமிர் ஜகரோவ் ஆழ்கடல் அலையின் உறைக்கு இந்தச் சமன்பாட்டையே வருவித்துக் கொடுத்தார்.

1983இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹோவெல் பெரெக்ரின் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு விசித்திரமான தீர்வை வெளியிட்டார். ஒரு வரியில் அடங்கும் தீர்வு. சுற்றியுள்ள அலைகளின் உயரத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1லிருந்து ஒரு பின்னத்தைக் கழிக்க வேண்டும். பின்னத்தின் மேலே 4 இருக்கிறது. கூடவே காலத்தைச் சார்ந்த ஒரு கற்பனைப் பகுதியும் இருக்கிறது. கீழே 1, அதனுடன் தொலைவின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு, காலத்தின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு. அவ்வளவுதான்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வெகு தொலைவில், அல்லது வெகு காலம் முன்போ பின்போ, பின்னத்தின் கீழ்ப்பகுதி மிகப் பெரிதாகிவிடும், பின்னம் பூஜ்ஜியமாகும், மிஞ்சுவது 1. அதாவது எங்கும் சாதுவான அலைகள். மையத்தில், தொலைவும் பூஜ்ஜியம் காலமும் பூஜ்ஜியம் ஆகும் கணத்தில், பின்னத்தின் மேலே 4, கீழே 1. 1 − 4 = −3. குறி அலையின் கட்டத்தைச் சொல்கிறது, உயரம் 3. ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த ஓரிடத்தில் ஒன்பது மடங்கு ஆற்றல் குவிந்திருக்கும். அதே கணத்தில் மையத்துக்கு இருபுறமும் பின்னத்தின் மதிப்பு சரியாக 1 ஆகும் இடம் ஒவ்வொன்று உண்டு. அங்கே 1 − 1 = 0; அலையே இல்லை. பேரலையின் இருபக்கமும் இரண்டு பள்ளங்கள். உச்சிக்குப் போன ஆற்றல் வானத்திலிருந்து விழுந்ததல்ல, அண்டை அலைகளிடமிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்தில் அடுத்தடுத்த தீர்வுகளும் இருக்கின்றன. அவற்றின் உச்சம் 5 மடங்கு, 7 மடங்கு என்று ஒற்றைப்படை எண்களில் ஏறிக்கொண்டே போகிறது.

அசுர அலை என்றதும் எல்லோரும் சுட்டுவது 1995 ஜனவரி 1 அன்று வடகடலில் நார்வேயின் டிராப்னர் எண்ணெய் மேடையின் அடியில் பதிவான 25.6 மீட்டர் அலையை. அன்றைய கொந்தளிப்பில் பெரிய அலைகளின் சராசரி உயரமே 12 மீட்டர் அளவில்தான் இருந்தது. அதற்குப் பெரெக்ரின் தீர்வுதான் காரணம் என்று பல பிரபலக் கட்டுரைகள் அடித்துச் சொல்கின்றன. அப்படிச் சொல்வது அவசரம். நிஜக் கடலில் அலைகள் பல திசைகளிலிருந்து வருகின்றன. பண்பேற்ற நிலைகுலைவு இல்லாமலேயே இத்தகைய அலைகளை விளக்க முடியும் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு வாதிட்டது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரே திசையில் அலை ஓடும்படி அமைத்து, எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடம்தான் சமன்பாட்டுக்கு நியாயமான பரீட்சை. அந்தப் பரீட்சை மூன்று இடங்களில் அடுத்தடுத்து நடந்தது. 2010இல் கண்ணாடி இழைக்குள் ஒளியில், 2011இல் நீர்த்தொட்டியில், அதே ஆண்டு இறுதியில் குவாஹாட்டியில்.

மூன்றில் பிளாஸ்மாவில்தான் சிரமம் அதிகம். சாதாரண எலெக்ட்ரான்–அயனி பிளாஸ்மாவில் நீண்ட அயனி ஒலியலைகளுக்குக் கெழுக்கள் எதிர்க்குறியில் வருகின்றன. கணக்குப் போட்டால், டிபை நீளம் (பிளாஸ்மாவில் ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் எட்டும் தூரம்) என்ற அடிப்படை அளவைப் போல ஏறக்குறைய 4.3 மடங்கைவிடக் குறுகிய அலைகள் மட்டுமே நிலைகுலையும். ஆனால் அவ்வளவு குறுகிய அலைகள் பிளாஸ்மாவில் உயிர் பிழைப்பதே கடினம். அலையின் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் ஓடும் துகள்கள் அலையிடமிருந்து ஆற்றலைப் பறித்துக்கொண்டு போய்விடும். 1946இல் லெவ் லாண்டவ் காகிதத்தில் கண்டுபிடித்த இந்தத் தணிப்பு, பேரலையைக் கருவிலேயே கரைத்துவிடும்.

இங்கேதான் எதிர் அயனிகள் வருகின்றன. மின்வாரியத் துணைமின் நிலையங்களில் ‘எஸ்.எஃப். 6 பிரேக்கர்’ என்று சொல்வார்களே, அதற்குள் அடைத்திருப்பது சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு. அலைந்து திரியும் எலெக்ட்ரானைக் கண்டால் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு; பிரேக்கர் திறக்கும்போது எழும் மின்பொறியை அது அணைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதை ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் துளியளவு விட்டால், எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி பிடிபட்டு, ஃபுளோரின் எதிர் அயனிகள் உருவாகின்றன. இப்போது கலனில் ஆர்கான் நேர் அயனி, ஃபுளோரின் எதிர் அயனி, எலெக்ட்ரான் என்று மூன்று வகைத் துகள்கள்.

இதன் விளைவைக் கெழுவில் பார்க்கலாம். நேர் அயனிகள் மட்டும் இருந்தால் நேரியலற்ற தன்மை அடர்த்தி மேடுகளைத் தூக்கிவிடும்; சாலிட்டான் மேடாகப் பிறக்கும். எதிர் அயனிகள் மிகுந்தால் அதே கெழு குறி மாறும். சாலிட்டான் பள்ளமாகப் பிறக்கும். நடுவில் ஓர் அளவில் கெழு பூஜ்ஜியமாகிவிட வேண்டும். ஃபுளோரினின் நிறை 19, ஆர்கானின் நிறை 40 என்று வைத்துக் கணக்கிட்டால், நேர் அயனிகளின் எண்ணிக்கையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எதிர் அயனி இருக்கும்போது அது நிகழ்கிறது. மாறுநிலை அடர்த்தி என்பார்கள். அந்த இடத்தில் முதல்நிலை நேரியலற்ற தன்மை செத்துவிடுவதால், அதுவரை அதன் நிழலில் மறைந்திருந்த அடுத்த நிலை உறுப்பு ஆட்சிக்கு வருகிறது. மேட்டையும் பள்ளத்தையும் அது ஒன்றுபோல நடத்தும். 1984இல் நாகமுராவும் சுகாபயாஷியும் இந்நிலையில் இரண்டு வகைச் சாலிட்டான்களையும் பார்த்திருந்தார்கள். உறைச் சமன்பாட்டுக்குப் போனால், நீண்ட அலைகளுக்கும் கெழுக்கள் ஒரே குறிக்கு வந்துவிடுகின்றன. வாயுக் குழாயின் வால்வைச் சற்றே திருப்பி ஒரு சமன்பாட்டின் குணத்தையே மாற்றிவிடலாம். கடலிலோ கண்ணாடி இழையிலோ இப்படியொரு வசதி எளிதில் கிடைக்காது.

குவாஹாட்டியின் அந்தக் கலன் இரட்டைப் பிளாஸ்மாக் கருவி என்ற வகையைச் சேர்ந்தது. உருளை வடிவ எஃகுக் கலனின் சுவரை ஒட்டி நிலைக்காந்தங்கள் வரிசையாக இருக்கும். துகள்கள் சுவரில் மோதி வீணாகாமல் அவை தடுக்கும். உள்ளே சூடேறிய டங்ஸ்டன் இழைகள் எலெக்ட்ரான்களை உமிழ்ந்து வாயுவை அயனியாக்கும். கலனைக் குறுக்கே ஒரு நுண்ணிய கம்பி வலை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பக்கத்துப் பிளாஸ்மாவை மின்சமிக்ஞையால் அசைத்தால் வலையின் மறுபக்கம் அலை கிளம்பும். சில நூறு கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், சில மில்லிமீட்டர் அலைநீளத்தில் அலைகள் போகும். அச்சின் வழியாக முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஓர் ஆய்வுமுனை, ஒவ்வொரு தொலைவிலும் எலெக்ட்ரான் அடர்த்தி மைக்ரோநொடி தோறும் எப்படி மாறுகிறது என்று ஆசிலோஸ்கோப்புக்குச் சொல்லும். குவாஹாட்டிக் குழு அனுப்பியது மெதுவான பண்பேற்றம் ஏற்றிய அலைத்தொடர். ஆய்வுமுனையை நகர்த்த நகர்த்த உறை குவிந்து, மூன்று மடங்கு உச்சத்தைத் தொட்டது. 2016இல் குவாஹாட்டியிலிருந்தே இரண்டாம் வரிசைத் தீர்வைப் பற்றிய அளவீடும் வெளியானது. பெரெக்ரின் குடும்பத்தின் ஐந்து மடங்கு உறுப்பினர் அது.

உறைச் சமன்பாட்டுக்குத் தமிழ்நாட்டோடும் ஓர் உறவு உண்டு. பின்னாளில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நேரியலற்ற இயங்கியல் மையத்தைக் கட்டியெழுப்பிய எம். லட்சுமணன், 1977இல் காந்தப் பொருளில் உள்ள சுழற்சிச் சங்கிலியின் இயக்கமும் இதே நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடுதான் என்று காட்டினார். பின்னர் கே. பொற்செழியன், எம். டேனியல் ஆகியோருடன் சேர்ந்து அவர் முன்வைத்த விரிவான வடிவத்தை இன்று உலகெங்கும் லட்சுமணன்–பொற்செழியன்–டேனியல் சமன்பாடு என்றே குறிப்பிடுகிறார்கள். அதற்கும் அசுர அலைத் தீர்வுகள் இருக்கின்றன.

இனி, இந்தத் துறையில் எனக்குள்ள மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். 2011க்குப் பிறகு பிளாஸ்மா அசுர அலைகளைப் பற்றி ஏராளமான கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்துவிட்டன. அவற்றில் பலவற்றின் செய்முறை ஒன்றே. தூசித்துகள் கலந்த பிளாஸ்மா, பாசிட்ரான் கலந்த பிளாஸ்மா என்று கலவையை மாற்றி, கெழுக்களைத் திரும்பக் கணக்கிட்டு, பெரெக்ரின் வடிவத்தை அதே சூத்திரத்தில் பொருத்தி, வண்ணப்படம் வரைந்துவிடுகிறார்கள். கணக்குத் தவறில்லை. ஆனால் கெழுக்கள் ஒரே குறியில் வந்தால் அசுர அலை எழும் என்று எழுதிவிடுவது, அந்தப் பிளாஸ்மாவில் தணிப்பு எவ்வளவு, தொடர் எவ்வளவு நீளம், உறை குவிய நேரம் இருக்கிறதா என்ற கேள்விகளைத் தொடாமலே கடந்துபோகிறது. குவாஹாட்டி அளவீட்டின் மதிப்பு இந்தப் பின்னணியில்தான் தெரியும்.

மாதிரிக்குள்ளேயே ஒரு நெருடலும் இருக்கிறது. அலையின் உயரம் சிறியது என்று வைத்துக்கொண்டு வருவித்த சமன்பாடு அது. அதன் தீர்வோ, உயரம் மூன்று, ஐந்து மடங்காக ஏறும் என்கிறது. தொடக்க அலை மிகச் சிறியதாக இருந்தால் மூன்று மடங்கானாலும் சிறியதுதான், சமன்பாடு தாங்கும். தொடக்க அலையே பெரிதென்றால் உச்சத்தில் அனுமானம் கிழிந்துவிடும். அப்போது, சிறு எண்ணின் துணையில்லாமல் மூன்று விதிகளையும் முழுதாகத் தீர்க்க வேண்டும். ரோல்டு சக்டேயெவ் 1960களில் தந்த முறை இதற்கு ஒரு வழி. நிலைவடிவ அலை எதையும், ஒரு குழிக்குள் உருளும் துகளின் இயக்கமாக எழுதிவிடும் முறை அது. எவ்வளவு பெரிய அலைக்கும் பொருந்தும். ஆனால் வடிவம் மாறாத அலைக்கு மட்டும்தான். எழுந்து அடங்கும் அலைக்குக் கணினியில் லட்சக்கணக்கான துகள்களை ஓடவிட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எலெக்ட்ரான்கள் மட்டும் அதிரும் லாங்மியூர் அலைகளில் கதை இன்னும் கடுமையானது. அங்கே தீவிரமான மின்புலம் பிளாஸ்மாவையே அந்த இடத்திலிருந்து விலக்கித் தள்ளுகிறது. உண்டான பள்ளத்துக்குள் அலை இன்னும் குவிகிறது, பள்ளம் ஆழமாகிறது. இதற்கான சமன்பாடுகளை 1972இல் ஜகரோவ் எழுதினார். ஒரு பரிமாணத்தில் அலைப்பிரிகை குவிதலை ஈடுகட்டிவிடும். மூன்று பரிமாணத்தில் அதனால் முடியாது. முடிவுள்ள நேரத்துக்குள் மின்புலம் முடிவிலியாகும் என்று தீர்வு சொல்கிறது. இயற்கையில் முடிவிலி கிடையாது. பள்ளம் டிபை நீளத்தை நெருங்கியதும் லாண்டவ் தணிப்பு குறுக்கிட்டு, குவிந்த ஆற்றலை எலெக்ட்ரான்களுக்கு வாரிக் கொடுத்துவிடுகிறது. 1974இல் கிம், ஸ்டென்ஜல், வாங் மூவரும் இத்தகைய பள்ளங்களை ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள்.

அலையின் உயரத்துக்கு உச்சவரம்பு எது என்ற கேள்வியை 1959இல் ஜான் டாசன் எடுத்துக்கொண்டார். எலெக்ட்ரான்களை மெல்லிய தகடுகளாகக் கற்பனை செய்துகொண்டால், அலை ஓர் அளவைத் தாண்டும்போது பின்னால் உள்ள தகடு முன்னால் உள்ளதைக் கடந்துவிடும். அதன் பிறகு ஓரிடத்தில் ஒரு வேகம் என்று பேசவே முடியாது; திரவமாகப் பாவித்து எழுதிய சமன்பாடு அங்கே செல்லாது. அலை உடைகிறது. ஒரு கன சென்டிமீட்டரில் கோடி கோடி பத்தாயிரம் எலெக்ட்ரான்கள், அதாவது 1க்குப் பின் 18 பூஜ்ஜியங்கள், இருக்கும் பிளாஸ்மாவில் இந்த வரம்பு மீட்டருக்குச் சுமார் 9,600 கோடி வோல்ட். உலோகக் குழிகளைக் கொண்ட வழக்கமான துகள்முடுக்கிகள் இதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. 1979இல் தஜிமாவும் டாசனும் லேசர் துடிப்பால் இத்தகைய அலையை எழுப்பி, எலெக்ட்ரான்களை அதன் சரிவில் ஏற்றி முடுக்கலாம் என்றார்கள். 2019இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடம் 20 சென்டிமீட்டருக்குள் எலெக்ட்ரான்களை 780 கோடி எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு உயர்த்திக் காட்டியது.

விண்வெளியில் அசுர அலைகள் தாமாக எழுகின்றனவா என்பது அடுத்த கேள்வி. ஆய்வுக்கூடத்தில் பெரெக்ரின் அலை எழுந்ததெல்லாம் அதற்கென்று தயாரித்து அனுப்பிய தொடரிலிருந்து. பூமியின் காந்தமண்டலத்தில் யாரும் தொடரைத் தயாரித்துத் தருவதில்லை. இரைச்சலிலிருந்துதான் எழ வேண்டும். ஒரே ஒரு விண்கலம் பதிவு செய்யும் கோட்டில் ஒரு கூர்முனை தெரிந்தால், வடிவம் மாறாத ஒரு மேடு கலத்தைக் கடந்து போனதா, அல்லது ஓர் அலை அந்த இடத்திலேயே எழுந்து அடங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் அந்தக் கோட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். 2015இல் நாசா ஏவிய காந்தமண்டலப் பல்லளவுத் திட்டத்தின் நான்கு விண்கலங்கள் நான்முகி வடிவில், சில சமயம் ஏழு கிலோமீட்டர் இடைவெளி வரை நெருங்கிப் பறக்கின்றன. ஒவ்வொன்றிலும் எதிரெதிராக நீளும் கம்பிகளின் முனைகளில் உணரிகள். முனைக்கு முனை 120 மீட்டர். ஒரு மேடு கடந்து போனால் ஒரு முனையில் முதலிலும் மறுமுனையில் சற்றுப் பின்னரும், அதே உயரத்தோடு பதிவாகும். அந்த இடைவெளியிலிருந்து வேகம் கிடைக்கும். இரண்டு முனைகளிலும் உயரம் வெவ்வேறாக, உறை குவிந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்டால், அதைப் பெரெக்ரினின் பின்னத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.